மூச்சைத் தாங்கிய கைகள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், செபமாலையும் கையுமாய் அமர்ந்திருக்கும் குடும்பங்களை நாம் பல முறை கண்டிருக்கிறோம். “செயற்கை மூச்சை இன்னும் தொடரலாமா?” என்று மருத்துவர் கேட்கும்போது, விடை சொல்லத் தெரியாமல் அவர்கள் பங்குத்தந்தையின் முகத்தை நோக்குவதையும் கண்டிருக்கிறோம். அக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அது 1952ஆம் ஆண்டுக் கோடையில், டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் தொடங்கிற்று.

அவ்வாண்டு இளம்பிள்ளை வாதம் அந்நகரைக் கொடிதாய்த் தாக்கியது. தொற்றுநோய்க்கென இருந்த பிளெக்டாம் மருத்துவமனைக்கு, நோய் உச்சத்தில் இருந்தபோது, நாளொன்றுக்கு ஐம்பது பேர் வரை கொண்டுவரப்பட்டனர். விழுங்கவும் மூச்சுவிடவும் இயலாமற் போனவர்களுக்கென அங்கே இருந்தவை ஓர் இரும்பு நுரையீரலும், மார்பின்மேல் கவிழ்த்துப் பொருத்தும் ஆறு சிறு கருவிகளுமே. முதல் மூன்று வாரங்களில் இவற்றால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

தலைமை மருத்துவர் லாசன் செய்வதறியாது நின்றார். அவருடன் பணியாற்றிய பியோர்னெபோ, மயக்கவியல் மருத்துவராகிய பியோர்ன் இப்சனை அழைத்துக் கேட்கலாம் என்றார். பாஸ்டன் நகரில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தவர் இப்சன். மயக்க மருத்துவர் என்றால் அறுவை அறையில் உதவி செய்பவர் என்று மட்டுமே பலர் எண்ணிய காலம் அது.

இறந்தவர்களின் குருதியில் கரியமில வாயுவின் அளவு மிகுந்திருந்தது. நோயின் விளைவாய் உடலில் காரத்தன்மை கூடிவிட்டதன் அடையாளம் அது என்று பிறர் கருதியிருந்தனர். இப்சன் பிணச்சோதனைக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து வேறொரு முடிவுக்கு வந்தார்: இவர்கள் கரியமில வாயுவை வெளியேற்றும் அளவுக்கு மூச்சுவிட வலுவின்றியே இறக்கிறார்கள். அப்படியாயின், மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, சளியை உறிஞ்சி எடுத்து, அறுவை அறையில் செய்வதுபோல் ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினால் போதும் என்றார்.

இதற்குச் சான்று என்ன? அந்நகரில் சோதித்தறிந்த முடிவுகள் எவையும் அவர் கையில் இல்லை. வேறோரிடத்தில் கற்றதை இங்கே பொருத்திப் பார்க்கும் துணிவு ஒன்றே இருந்தது. தோற்றுப்போனால், சாகும் பிள்ளையின் கழுத்தை அறுத்தவர் என்ற பழியே மிஞ்சும். ஆயினும் லாசன் இசைந்தார். இப்சனின் புகழைப் பாடுவோர் லாசனை மறந்துவிடுகின்றனர். தம் துறையின் முடிவு தவறாயிருக்கலாம் என்று வேற்றுத் துறையார் சொல்லக் கேட்டு, தம் நோயாளியை அவர் கையில் ஒப்படைப்பது எளிதான செயலன்று.

ஆகஸ்டு 27ஆம் நாள் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் துளையிடப்பட்டது. அவளோ திமிறினாள், மூச்சுக்குழல்கள் இறுகிக் காற்று உட்புகவில்லை. இப்சன் மயக்க மருந்தைச் செலுத்தினார். திமிறல் அடங்கியது, பையின் காற்று நுரையீரலை நிறைத்தது, கரியமில வாயுவின் அளவு இறங்கிற்று. சிறுமி பிழைத்தாள்.

ஒரே ஒரு பிள்ளையிடம் கண்ட பயன் அது. அதை நம்பியே மருத்துவமனை முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. பைகளை அழுத்த ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து அழைக்கப்பட்டனர். ஒரு கட்டத்தில் எழுபது பேர் ஒரே வேளையில் அவர்கள் கைகளால் மூச்சுவிட்டனர். பேச இயலாத பிள்ளைகளின் கண்களைப் பார்த்தே தேவையை அறிந்துகொண்டனர் அம்மாணவர்கள். கதைகள் படித்துக் காட்டினர். தாம் காத்துவந்த உயிர் விடியுமுன் பிரிவதையும் அருகிருந்து கண்டனர். நூற்றுக்கு 80க்கு மேல் இருந்த இறப்பு, நாளடைவில் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது.

1953 டிசம்பரில் இப்சன் அந்நகரின் வேறொரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். கைகளின் இடத்தைப் பொறிகள் பிடித்தன. களைப்பறியாத பொறியோடு, மாணவர்களின் கைகள் அறியாத ஐயம் ஒன்றும் வந்தது. மூளை சிதைந்து, நினைவே திரும்பாமல், பொறியின் துணையால் நெஞ்சு மட்டும் துடித்துக்கொண்டிருப்பவரை என்ன செய்வது? மீள்வோர் யார், மீளாதோர் யார் என்று முன்னறிந்து சொல்ல அன்று எவராலும் இயலவில்லை.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகர மயக்கவியல் மருத்துவர் புருனோ ஹைட், இக்கேள்வியைத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதரிடமே எடுத்துச் சென்றார். 1957 நவம்பர் 24 அன்று திருத்தந்தை மறுமொழி அளித்தார். உயிரைக் காக்கும் கடமை மனிதருக்கு உண்டு. ஆனால் சாதாரண வழிகளைக் கையாளவே அக்கடமை கட்டுப்படுத்தும். தமக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகும் வழிகளை ஏற்க எவரும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. நோயாளியின் இசைவுக்குட்பட்டே மருத்துவர் செயற்பட முடியும். குடும்பத்திற்குத் தாங்கொணாச் சுமையாகும்போது செயற்கை மூச்சை நிறுத்தக் கேட்பது முறையே, அது கருணைக்கொலையாகாது.

இவ்வேறுபாடு 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டு இறையியலாரிடம் வேர்கொண்டது. மயக்க மருந்தில்லாத அந்நாளில், காலை வெட்டும் வேதனையை ஏற்க யாரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று தொமினிக்கன் சபை அறிஞர் கற்பித்தனர். அதே அறுவை இன்று சாதாரண வழியாகிவிட்டது! திருத்தந்தை எந்தக் கருவிக்கும் பட்டியல் இடாமல் ஆள், இடம், காலம், பண்பாடு ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னதன் நுட்பம் இதில் விளங்குகிறது. வீட்டை அடகு வைத்து விட்டு வாசலில் அமர்ந்திருக்கும் குடும்பத்தின் சுமையும் அதில் அடங்கும் என்றே நாம் கொள்கிறோம்.

நோயில்பூசுதல் பெறாதவருக்கு அவ்வருளடையாளம் வழங்கப்படும்வரை மூச்சை நீட்டிக்க முயல வேண்டும் என்றும் அவர் கூறினார். இறப்பு நிகழும் கணம் எது என்பதற்கோ, அதைத் துல்லியமாய் வரையறுப்பது மருத்துவரின் பணி என்று கூறி, ஐயம் தீராவிடில் உயிர் இருப்பதாகவே கொள்க என்றார். 1959இல் பாரிஸ் மருத்துவர் மொலாரேயும் கூலோனும் மீளாத மயக்கநிலையை விவரித்தனர். 1968இல் ஹார்வர்டு குழு மூளைச்சாவுக்கு இலக்கணம் வகுத்தது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் உறுப்புமாற்றுச் சட்டம் அதனை ஏற்றது. மருத்துவர் குழுவொன்று, ஆறு மணி நேர இடைவெளியேனும் விட்டு, இரு முறை சோதித்த பின்னரே சான்றில் ஒப்பமிடும்.