இத்தனூண்டு ஃப்ராக்குக்கு இவ்வளவா?

சென்னைப் பட்டணம் ஏன் இந்த இடத்தில் வந்தது? துறைமுகம் இருந்ததாலா? அதெல்லாம் இல்லை மக்களே, அந்தக் காலத்தில் கப்பல் கரைக்குப் பக்கத்தில் வரக்கூட இங்கே வழி கிடையாது. துணி மலிவு, அதான் விஷயம். 1639ல் பிரான்சிஸ் டே இந்த மணல்திட்டைப் பிடித்ததற்குச் சொன்ன முக்கியக் காரணம், மற்ற இடங்களைவிட இங்கே துணி 20 சதவீதம் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்பது. (சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்ததாகவும் சொல்வார்கள். அது வேற டிபார்ட்மெண்ட்.) துணி மலிவுன்னா நெய்தவன் கை மலிவுன்னு அர்த்தம். 1734ல் கவர்னர் மார்ட்டன் பிட், நெசவாளர்களைக் கொண்டுவந்து கூவம் கரையில் குடிவைத்த ஊர்தான் சிந்தாதிரிப்பேட்டை. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதுதான் அப்படி மருவியது என்பார்கள்.

இந்தப் பழங்கதையை நான் தோண்டியதற்குக் காரணம் என் அக்கா. மயிலாப்பூரில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, கைத்தறிப் பருத்தியில் குழந்தைகளுக்குத் துணி தைத்துத் தன் சொந்த லேபிளில் விற்கிறாள். ஃப்ராக் 650 ரூபாய். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இத்தனூண்டு துணிக்கு இவ்வளவா?"

அவளுடைய கணக்கு நோட்டைப் பார்த்தேன். இரண்டு வயசுக் குழந்தை ஃப்ராக்குக்கு ஒரு மீட்டர் துணி. துணி, உள்துணி, நூல், பட்டன் எல்லாம் 230 ரூபாய். நேரம் மூன்று மணி. பெரியவர்கள் குர்த்தி என்றால் துணி இரண்டரை மடங்கு ஆகும், ஆனா நேரம் கிட்டத்தட்ட அதே. குழந்தைக்கும் கழுத்து ஒன்று, கை இரண்டு, பட்டன் ஓட்டை நாலு. தையல் விளிம்பு உடம்பில் குத்தக்கூடாதென்று உள்துணி வைப்பது எக்ஸ்ட்ரா வேலை. ஆக சட்டை சின்னது, வேலை சின்னதில்லை. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது துணி மட்டும்.

இந்த வேலைக்கு ஏன் விலையே இல்லாமல் போச்சு? சிங்கர் கம்பெனியில் 1856ல் எட்வர்ட் கிளார்க் கொண்டுவந்த தவணைமுறையால் தையல் மெஷின் வீட்டுக்குள் நுழைந்தது. கூடவே 'பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை' என்ற முத்திரையும் நுழைந்தது. நம்ம பக்கத்துக்கே வருவோம். 1917ல் அடையாறில் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா முதலானோர் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் கிளைகளில் எழுத்தறிவு, முதலுதவியோடு தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். 1937ல் மயிலாப்பூரில் துர்காபாய் தொடங்கிய ஆந்திர மகிளா சபாவிலும் படிப்போடு கைத்தொழில் உண்டு. கணவனை இழந்தவர்கள், படிப்பு பாதியில் நின்றவர்கள் எத்தனையோ பேர் இப்படிப்பட்ட சங்கங்களால் கரையேறினார்கள், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனா தைக்கச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு விலைபோடச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தையல் கடைசிவரை 'பக்க வருமானம்' ஆகவே இருந்துவிட்டது.

பாரிஸில் கதை வேறு. 1889ல் தொப்பிக்கடை வைத்த ஜான் லான்வின், 1897ல் பிறந்த தன் மகளுக்காக அழகழகாய்த் தைத்தார். தொப்பி வாங்க வந்த பணக்கார அம்மாக்கள் எங்கள் குழந்தைக்கும் வேண்டும் என்றார்கள். 1908ல் குழந்தைகள் பிரிவே திறந்தாச்சு, அடுத்த வருஷம் அம்மாக்களுக்கும். அங்கே யாரும் மீட்டர் கணக்குப் போடவில்லை.

நடுவில் ஒரு விஷயம். 1939ல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியப் பயிற்சி நடத்தினார். அவர் முறையில் பட்டன், நாடா வைத்த சட்டங்கள் உண்டு. குழந்தை தானே போட்டுப் பழகும். நம்ம ஃப்ராக்குகளுக்கோ முதுகில் பட்டன்! அக்காவிடம் சொன்னேன், முன்பக்கம் மாற்றிவிட்டாள். அண்டை அயலில் இதற்கு நல்ல பேர்.

ஆயத்த ஆடைத் தயாரிப்பு ரொம்ப காலம் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. 2000ம் வருட ஜவுளிக் கொள்கை அந்த வேலியை எடுத்தது. 2004 முடிவில் உலக ஏற்றுமதிக் கோட்டாவும் போச்சு. பெரிய யூனிட்டில் ஒருத்தர் கை மட்டும் தைப்பார், அடுத்தவர் காலர் மட்டும். ரங்கநாதன் தெருவில் தொங்குகிற 199 ரூபாய் ஃப்ராக்கோடு அக்கா போட்டிபோட முடியாது, போடவும் கூடாது. நாங்கள் எழுதுகிற புரோகிராமில் இரண்டாவது காப்பிக்குச் செலவே இல்லை. அவளுக்கு நூறாவது ஃப்ராக்குக்கும் அதே மூன்று மணி.

விலையைக் குறைக்கச் சொல்லி வீட்டிலேயே இரண்டு கட்சி. அவள் அசையவில்லை. வாரத்துக்குப் பன்னிரண்டு ஃப்ராக் மட்டும் எடுக்கிறாள், பதின்மூன்றாவது கேட்டால் அடுத்த வாரம்.