வானம் பார்த்த நிலத்தில் வானொலி: 1960களின் ஒரு நாள்

நாளினை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்து, அவற்றை நிலத்தொடு பொருத்திக் கண்டவர் பண்டைத் தமிழர். மாலை முல்லைக்கு உரியது. நண்பகல் பாலைக்கு உரியது. நிலம் வேறாயின் பொழுதும் வேறு என்பது அப்பகுப்பின் உட்கிடை. இருபதாம் நூற்றாண்டில் இதற்கு மாறானதொரு பகுப்புச் சிற்றூர்களை வந்தடைந்தது. தஞ்சை வயலுக்கும் திருச்சுழிப் புன்செய்க்கும் ஒரே காலை, ஒரே நண்பகல், ஒரே இரவு என வகுத்த அதனைக் கொணர்ந்தது வானொலி. 1960களில் அகில இந்திய வானொலியின் ஒரு நாள் நிரல், அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டி போன்ற வானம் பார்த்த ஊர்களுக்கு யாது பயந்தது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முன்வரலாறு சுருங்கக் கூறற்பாலது. 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிப் பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் கைவிட்டது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938 சூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் தோன்றின. நாடு விடுதலை பெற்றபொழுது இந்தியாவில் இருந்த நிலையங்கள் ஆறே. அவற்றுள் இரண்டு தமிழகத்தில் இருந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1963 திசம்பரில் திருநெல்வேலி நிலையம் திறக்கப்பட்டது. மதுரைக்கு 1987 வரை நிலையம் இல்லை. எனவே அந்நாளில் இராமநாதபுர மாவட்டத்தைச் சார்ந்திருந்த இக்கரிசற் சீமை, முதலிற் காவிரிக் கரையிலிருந்தும் பின்னர்ப் பொருநைக் கரையிலிருந்தும் வந்த குரலையே கேட்டது. இரண்டும் ஆற்றுப்பாய்ச்சல் நாடுகள். இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

தனியார் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். ஆதலின் எளிய மக்கள் ஊராட்சி மன்றத்தின் பொதுப் பெட்டியையும் தேநீர்க் கடையின் பெட்டியையுமே நம்பியிருந்தனர். கையடக்கமான டிரான்சிஸ்டர் பரவியது பிற்பட்ட நிகழ்ச்சி. காலை ஒலிபரப்பு அடையாள இசையொடு தொடங்கும். அதனை அமைத்தவர் ஐரோப்பாவிலிருந்து பம்பாய் போந்த வால்டர் காஃப்மன் என்பர். அடுத்து வந்தே மாதரம். பின்னர் மங்கல இசையாக நாகசுரம். கோயில் விழாவிலும் மணவீட்டிலும் மட்டுமே கேட்கக் கிடைத்த நாகசுரம் நாள்தோறும் விடியலிற் பொதுவிடத்தில் ஒலித்தது சிறிய மாற்றமன்று. அதனைக் கேட்பதற்கு எவர் இசைவும் வேண்டுவதில்லை. ஒலிபெருக்கி எத்தெருவை நோக்கிக் கட்டப்பட்டது என்னும் வினா மட்டும் எஞ்சுகின்றது. அதற்கு ஊர்தோறும் விடை வேறாகும்.

நண்பகல் ஒலிபரப்பு மகளிர்க்கும் பள்ளிச் சிறார்க்கும் உரிய நிகழ்ச்சிகளைப் பெரிதும் கொண்டிருந்தது. களையெடுக்கச் சென்ற பெண் மகளிர் நிகழ்ச்சியைக் கேட்டிருத்தல் இயலாது. அதனைக் கேட்கும் ஓய்வுடையார் இவ்வூர்களில் சிலரே.

மாலையிற் சிற்றூர் மக்கட்கான நிகழ்ச்சி அமைந்தது. வானொலியின் வேளாண்மைப் பணியைப் புகழ்வார் யாவரும் எடுத்துக்காட்டுவது ஒரு நெல்லை. ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லினைத் திருச்சி நிலையம் இடைவிடாது எடுத்துரைக்க, தஞ்சை உழவர் அதனை விரும்பி ஏற்று 'ரேடியோ நெல்' என்றே வழங்கினர். 1966இல் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தோன்றியதை ஒட்டி நிகழ்ந்தது இது. பெருஞ்செயலே, ஐயமில்லை. ஆயின் அது குறுவைக்கு ஏற்ற நெல். கால்வாயில் நீர் வரும் நாள் அறிந்தவனுக்கே குறுவை உண்டு. கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் விதைத்து, ஐப்பசி மழையை அண்ணாந்து நோக்கியிருப்பவனுக்கு அவ்வறிவுரையாற் பயன் யாது? கண்மாய் நிரம்பினால் நெல், நிரம்பாவிடின் இல்லை என்னும் நிலத்தில், நாற்றங்கால் பற்றிய உரை அயல்நாட்டுக் கதை போன்று ஒலித்திருத்தல் வேண்டும். அவன் செவிசாய்த்துக் கேட்டிருக்கக் கூடியது வானிலை அறிக்கை. அதுவும் கடலோர மழையைக் கூறுமளவு உள்நாட்டு மழையைத் துல்லியமாகக் கூறியதில்லை. புன்செய் வேளாண்மைக்கு ஒரு 'ரேடியோ கம்பு' தோன்றாமை வானொலியின் குறை மட்டுமன்று. அக்கால ஆராய்ச்சியும் திட்டமும் நீர்வளமுள்ள நிலத்தையே முதலில் நாடின. வானொலி தன்னிடம் தரப்பட்டதை ஒலித்தது.

இரவு நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. 1952இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி சனிக்கிழமை இரவுகளில் இந்துத்தானி இசையையும் கருநாடக இசையையும் எல்லா நிலையங்களுக்கும் கொண்டு சென்றது. 1956இல் தொடங்கிய தேசிய நாடக நிகழ்ச்சி இலக்கிய மாணவர்க்கு இன்னும் இன்றியமையாதது. ஏதேனும் ஓர் இந்திய மொழியின் நாடகம் ஏனைய மொழிகளிலெல்லாம் பெயர்க்கப்பட்டு ஒரே இரவில் ஒலிபரப்பப்பட்டது. வங்காள நாடகமும் மராத்தி நாடகமும் தமிழ் உரையாடலாகித் தெருவோரத்தில் ஒலித்தன என்பதைத் தமிழ் நாடக வரலாறு எழுதுவோர் போதிய அளவு கருதியதில்லை. அச்சேறிய நாடகங்களையே கணக்கிடும் பழக்கம் நம் துறையில் வேரூன்றியது. செவியால் நுகரப்பட்டவை புறத்தே நின்றுவிட்டன.

திரைப்பாடலைப் பற்றியும் ஒருவாறு கூறுதல் வேண்டும். 1952 முதல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் திரையிசையை ஒதுக்கி மரபிசையை வளர்க்க முற்பட்டார். மக்களோ இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினர். பாக்கு நீரிணையை அடுத்த இராமநாதபுரச் சீமைக்கு அது தொலைவிலுள்ள நிலையமன்று. எஸ். பி. மயில்வாகனனின் குரல் இப்பக்கத்திலும் வீட்டுக் குரலாயிற்று. 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்ததற்கு இப்போட்டியே தலையாய காரணம். ஆகவே 'தேசிய வானொலியின் ஒரு நாள்' என்று யாம் கூறுவது, கேட்போன் இடையிடையே கடல் கடந்து சென்று மீண்ட நாளே ஆகும்.

அங்ஙனமாயின் இவ்வூர்கள் தேசிய வானொலியாற் பெற்றது யாது? தில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி என்பது எம் கருத்து. 1961இல் சென்னை மாநில மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினரே எழுத்தறிந்தோர். ஏனையோர்க்கு உரைநடை என்பது கணக்குப்பிள்ளையின் வாயிலும் மேடையிலும் வாழ்ந்த பொருள். மேடைத் தமிழ் உணர்ச்சியை எழுப்புவது. கணக்குப்பிள்ளையின் தமிழ் அச்சத்தை எழுப்புவது. இரண்டுமல்லாத, ஏற்றத்தாழ்வின்றி, யாரையும் விளித்துப் பேசாது, நடந்ததைக் கூறி முடியும் தமிழ் வாக்கியத்தை இம்மக்கள் நாள்தோறும் கேட்டது செய்தியிலேதான். ஆங்கிலச் செய்தியை விரைந்து மொழிபெயர்த்த அத்தமிழில் வடசொல் மிகுதி. வாக்கியம் சில இடங்களில் நொண்டும். எனினும் ஐந்தாண்டுத் திட்டம், அணிசேராக் கொள்கை, அன்னியச் செலாவணி ஆகியவற்றை எழுத்தறியாதாரும் சொல்லத் தெரிந்துகொண்டமைக்கு அதுவே பெருங்காரணம். அருப்புக்கோட்டைப் பக்கத்தின் மற்றொரு தொழில் கைத்தறி நெசவு. தறியில் அமர்ந்தவனுக்குக் கண்ணும் கையும் காலும் கட்டுண்டவை. செவி ஒன்றே, அதுவும் தறியோசையின் இடையே, தன் விருப்பில் இயங்குவது. உழவனினும் நெசவாளனே வானொலிக்கு இயல்பான மாணாக்கன் என்று கொள்ள இடமுண்டு.

பெயர் பற்றியும் ஒன்று கூறுதும். மைசூரில் எம். வி. கோபாலசாமி 1930களில் நடத்திய தனியார் நிலையத்தின் பெயர் 'ஆகாசவாணி'. அதனையே அகில இந்திய வானொலி பின்னர்த் தன் பெயராகக் கொள்ள, தில்லிச் செய்தி அப்பெயரோடு தொடங்கிற்று. தமிழ் நிகழ்ச்சி நிரலைத் தாங்கி வந்த இதழின் பெயரோ 'வானொலி'. கேட்ட மக்கள் 'ரேடியோ' என்றனர். மும்முனையான இவ்வழக்கே அக்காலத் தமிழின் நிலைக்கு ஒரு சான்று.

ஒலிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்துதல் அந்நாளைய வழக்கமாதலின், ஆய்வாளனுக்கு எஞ்சுவன பெரும்பாலும் 'வானொலி' இதழின் பக்கங்களே. அவை முன்கூட்டியே அச்சிடப்பட்டவை. ஒலிபரப்ப எண்ணியதைக் காட்டுவனவேயன்றி ஒலித்ததைக் காட்டுவன அல்ல. 1964 மே 27ஆம் நாள் இதற்குத் தக்க சான்று. அன்று பிற்பகல் நேருவின் மறைவு அறிவிக்கப்பட்டது. வகுத்த நிரல் நின்று, துயர இசையும் செய்தியுமே எஞ்சின. அன்றிரவுக்கென அச்சிட்ட பாட்டும் பேச்சும் உழவர் உரையும் தாளில் உள்ளன. தில்லியிலோ திருச்சியிலோ பாளையம்பட்டியிலோ அவற்றைக் கேட்டவர் எவருமிலர்.