பால்மரத்தின் மரபணுப் பிணைப்பு வரைபடம்

பால்மரம் எனப்படும் ரப்பர் மரத்தின் செல்லில் 36 குரோமோசோம்கள், அதாவது 18 இணைகள் உள்ளன. எந்த மரபணு எந்தக் குரோமோசோமில், எதற்கு அருகில் அமைந்திருக்கிறது என்பதைக் காட்டுவது பிணைப்பு வரைபடம்.

1876-இல் ஹென்றி விக்காம் அமேசான் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு ஏறத்தாழ 70,000 விதைகளைக் கொண்டுசென்றார். அவற்றில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அடுத்த ஆண்டே அந்தக் கன்றுகளில் சில சிங்கப்பூர் வழியாகப் பேராக்கின் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. ஈப்போ வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் விடியுமுன் பிரட்டுக்கு (வருகைப் பதிவுக்கு) நின்று பால் வெட்டிய தொடக்க ஆண்டுகளில், மரங்கள் எல்லாம் விதையில் வளர்ந்தவை. ஒரே நிரையில் ஒரு மரத்தின் பால் மங்கு நிரம்பும், அடுத்த மரத்தினுடையது காயும். மறுகூட்டிணைவு ஒவ்வொரு விதையிலும் பெற்றோரின் பண்புகளைப் புதிதாகக் கலைத்து அடுக்குவதே காரணம். ஒட்டுக்கட்டும் முறை வந்தபின் ஜிர் 1, பிபி 86 ஆகிய ரகங்களின் கலப்பில் பிறந்த ஆர்ஆர்ஐஎம் 600 போன்ற ஒரே மரத்தின் நகல்கள் தோட்டம் முழுவதும் நின்றன. அதற்குப்பின் அந்தக் கலைப்பு பயன்பட்டது பெரும்பாலும் கலப்பினத் தோட்டத்தில் கையால் மகரந்தம் சேர்த்த பூக்களில்தான்.

கலைப்பை அளக்கும் கணிதம் பழ ஈயிலிருந்து வந்தது. அருகருகே உள்ள மரபணுக்கள் பிரிவது அரிது, தொலைவில் உள்ளவை அடிக்கடி பிரியும் என்ற அடிப்படையில் ஆல்பிரட் ஸ்டர்ட்டவன்ட் 1913-இல் முதல் வரைபடத்தை வரைந்தார். ஆனால் இரு மரபணுக்களுக்கிடையே குறுக்கேற்றம், அதாவது இணைக் குரோமோசோம்களின் துண்டுப் பரிமாற்றம், இருமுறை நடந்தால் பழைய சேர்க்கையே திரும்பிவிடும். எண்ணிக்கையில் அது தெரியாது. 1919-இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் குறுக்கேற்றங்கள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்று கொண்டு இதற்குத் திருத்தச் சூத்திரம் தந்தார். உண்மையிலோ ஒரு குறுக்கேற்றம் தன் பக்கத்தில் இன்னொன்றைத் தடுக்கும். இதையும் கணக்கில் எடுத்தவர் புனேயில் கணிதம் கற்பித்த டி. டி. கோசாம்பி (1944), பண்டைய இந்திய வரலாற்றை எழுதிய அதே கோசாம்பிதான். 100 சந்ததிகளில் 20 மறுகூட்டிணைந்தவை என்றால், ஹால்டேன் கணக்கில் தூரம் 25.5 சென்டிமார்கன் (பிணைப்பு வரைபடத்தின் தூர அலகு), கோசாம்பி கணக்கில் 21.2. வரைபட மென்பொருள்கள் இன்றும் இவ்விரு சூத்திரங்களையும் பயன்படுத்துகின்றன. இந்திய மண்ணில் பிறந்த இவ்வளவு பயனுள்ள சூத்திரம் நம் பாடநூல்களில் பெயரளவுக்கேனும் இடம்பெறவேண்டும்.

பழ ஈ இரண்டு வாரத்தில் தலைமுறை மாறும். பால்மரம் வெட்டுக்கு வரவே ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். கைமகரந்தச் சேர்க்கையிலும் காய்பிடிப்பது சொற்பம். பல தலைமுறைகளுக்குக் காத்திராமல், ஒரே இணையின் நேரடிச் சந்ததிகளைக் கொண்டே கணக்கிடும் முறையை ஆய்வாளர்கள் கையாண்டனர். 2000-இல் லெஸ்பினாஸ் குழு வெளியிட்ட விரிவான வரைபடம் 717 மரபணு அடையாளங்களை 18 பிணைப்புக் குழுக்களில் அடுக்கியது. மொத்த நீளம் 2,144 சென்டிமார்கன். பெற்றோரில் ஒன்று பிபி 260. பிபி என்பது சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டம். இன்றைய புத்ராஜெயா நகரம் எழுந்தது அந்த மண்ணில்தான். மற்றப் பெற்றோர், தென்னமெரிக்க இலைக்கருகல் நோயை எதிர்க்கும் ஆர்ஓ 38.

2013-இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, ஆர்ஆர்ஐஎம் 600-இன் மரபணுத்தொகுதி வரைவை வெளியிட்டது. படித்தெடுத்த துண்டுகளில் சிலவற்றைக் குரோமோசோம்களில் உரிய இடத்தில் பொருத்த அந்தக் குழுவுக்கு உதவியது பிணைப்பு வரைபடமே.