ஒரே மார்ஷல், இரண்டு பொம்மைகள்

ஜேம்ஸ் ஆர்னஸ் ஆறடி ஏழு அங்குல உயரக்காரர். ‘கன்ஸ்மோக்’ தொடரில் டாட்ஜ் சிட்டியின் மார்ஷல் மாட் டில்லனாக 1955 முதல் 1975 வரை அமெரிக்க வீடுகளின் டிவிப் பெட்டிக்குள் நடமாடியவர். அவரைப் பொம்மையாக்கி விற்றவர்களில் ஹார்ட்லண்ட் பிளாஸ்டிக்ஸ், அவரைக் குதிரைமேல் ஏற்றி ஏறக்குறைய ஒன்பது அங்குலத்துக்கு நிறுத்தியது. மார்க்ஸ் நிறுவனமோ இரண்டு அங்குலச் சொச்சத்துக்குள் அடக்கிவிட்டது.

ஹார்ட்லண்ட், விஸ்கான்சின் மாநிலத்தில் அதே பெயர்கொண்ட சிற்றூரில் இயங்கிய தொழிற்சாலை. மார்க்ஸ், 1919இல் லூயிஸ் மார்க்ஸ் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி. 1950களில் உலகின் மிகப் பெரிய பொம்மைக் கம்பெனி. 1955 டிசம்பரில் ‘டைம்’ இதழின் அட்டையிலேயே முதலாளியின் முகம் வந்தது. பழைய கௌபாய் நடிகர்களின் உருவங்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே இந்த இரண்டில் ஒன்றின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்திருப்பவர்களும், ஒவ்வொன்றையும் வேறுவேறு கண்ணால்தான் பார்க்கிறார்கள்.

ஹார்ட்லண்ட் பொம்மையைக் கையில் எடுத்தால் முதலில் கழன்று வருவது தொப்பி. அடுத்து கையிலிருந்து நழுவுவது கைத்துப்பாக்கி. சேணமும் தனியாக வரும். ஆளைக் குதிரையிலிருந்து இறக்கினால் கால்கள் வளைந்து அகன்றே இருக்கும். தரையில் நிற்க மாட்டார். குதிரையை விட்டால் அவருக்குப் பிழைப்பே இல்லை. இந்தக் குறையைச் சரிசெய்வதுபோல், நின்றபடி துப்பாக்கி உருவும் ஆட்களின் வரிசை ஒன்றையும் பின்னால் கொண்டுவந்தார்கள். ஆனாலும் ஹார்ட்லண்ட் என்றால் எல்லோர் நினைவுக்கும் வருவது குதிரை வீரர்கள்தான்: டிரிகர்மேல் ராய் ரோஜர்ஸ், பட்டர்மில்க்மேல் டேல் எவன்ஸ், சில்வர்மேல் லோன் ரேஞ்சர்.

இவர்களின் முகங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் போலிருப்பார்கள்: நேரான மூக்கு, அகன்ற தாடை, சிவப்புத் தீற்றிய உதடு. யார் யாரென்று சொல்வது முகம் இல்லை, உடையும் கையில் உள்ள சாமானும்தான். முழுக்கறுப்பு உடை என்றால் பாலடின், அதாவது ரிச்சர்ட் பூன். கைத்தடியும் வட்டத்தொப்பியும் இருந்தால் பேட் மாஸ்டர்சன். நீளமான ரைஃபிள் இருந்தால் லூகாஸ் மெக்கெய்னாக நடித்த சக் கானர்ஸ். கைத்தடி தொலைந்துவிட்டால் பேட் மாஸ்டர்சன் நல்ல உடுப்புப் போட்ட யாரோ ஒரு கனவான். உருவத்தை வாங்கிவிட்டு விரல் நீளங்கூட இல்லாத ஒரு துப்பாக்கிக்காக ஆண்டுக்கணக்கில் அலைகிறார்களே என்று வெளியில் இருப்பவர்கள் சிரிக்கலாம். அந்தத் துப்பாக்கியில்தான் நடிகர் இருக்கிறார். குதிரைகளிலும் இதே கதை. ஒரே அச்சில் வந்த குதிரை, பெயின்ட் மாறியதும் வேறொரு நாயகனுக்குச் சொந்தமாகிவிடும்.

மார்க்ஸின் வழி முற்றிலும் வேறு. அங்கே கழற்ற ஒன்றும் கிடையாது. தொப்பி தலையோடும் துப்பாக்கி கையோடும் ஒரே வார்ப்பாக வரும். பெயின்ட்டும் கிடையாது, நாயகர்கள் பெரும்பாலும் வெளிர்மஞ்சள் அல்லது தந்த நிறத்தில் மொத்தமாக ஒரே நிறம். 54 அல்லது 60 மில்லிமீட்டர் உயர ஆளின் முகம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அந்த இடத்துக்குள் ஒரு நடிகரின் சாயலைக் கொண்டுவர, செதுக்கியவருக்கு நிறத்தின் துணையே இல்லை; பள்ளமும் மேடும் மட்டும்தான். என் கண்ணுக்கு இந்த விஷயத்தில் மார்க்ஸ்தான் ஒரு படி மேல். டிஸ்னியின் டேவி கிராக்கெட்டாக நடித்த ஃபெஸ் பார்க்கரை ஓரத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், ஒரு மனிதனைப் பார்த்துச் செய்த முகம் என்று தெரிகிறது. ஹார்ட்லண்ட்காரர்கள் உதட்டில் செலவிட்ட சிவப்பை இவர்கள் கன்ன எலும்பில் ஈடுகட்டிவிட்டார்கள்.

ஆனால் மார்க்ஸ் நடிகரைத் தனியாக விற்கவில்லை. பெட்டியோடு, ஊரோடு விற்றது: தகரத்தில் அச்சிட்டு மடித்த கட்டடங்கள், வேலி, வண்டி, டஜன் கணக்கில் பெயரில்லாத கௌபாய்கள். அவர்கள் நடுவே ஒன்று முதல் நான்கு பேர் மட்டும் பெயருள்ளவர்கள். ‘கன்ஸ்மோக்’ பெட்டியில் மாட் டில்லன், செஸ்டர், டாக், கிட்டி. பெயரில்லாத கூட்டம் ராய் ரோஜர்ஸ் பண்ணையிலும் வேலை பார்க்கும், வேறொரு தொடரின் டாட்ஜ் சிட்டியிலும் சுடும், அச்சு ஒன்றுதான். கணக்குப் புரிந்த முதலாளி. ஒரு தொடர் ஓடினால் நான்கு புது ஆட்களைச் செதுக்கி, மேலே புது லேபிள் ஒட்டினால் போதும்.

அதனால் மார்க்ஸ் சேகரிப்பாளர் தேடுவது முழுப்பெட்டி. அந்த நான்கு பேர் இல்லாத ‘கன்ஸ்மோக்’ பெட்டி வெறும் மேற்கத்திய ஊர். பெட்டி இல்லாத அந்த நான்கு பேரோ, ஊர் தேடி அலையும் ஆட்கள்.

யாருடைய முகம் என்ற கேள்வியில் சட்டமும் நுழைகிறது. ராய் ரோஜர்ஸ் கெட்டிக்காரர். ரிபப்ளிக் ஸ்டூடியோ சம்பளத்தை உயர்த்தத் தயங்கிய காலத்தில், தன் பெயருக்கும் உருவத்துக்குமான வியாபார உரிமையை 1940இல் ஒப்பந்தத்தில் தன் பக்கம் வாங்கிக்கொண்டார். ஹார்ட்லண்ட் விற்றாலும் மார்க்ஸ் விற்றாலும் அவருக்குப் பங்கு. லோன் ரேஞ்சராக நடித்த கிளேட்டன் மூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாத்திரம் வேறொருவர் சொத்து. பொது நிகழ்ச்சிகளில் லோன் ரேஞ்சரின் முகமூடியை அவர் அணியக்கூடாது என்று உரிமையாளர்கள் 1979இல் நீதிமன்றத்தில் தடையே வாங்கிவிட்டார்கள். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தொடர்ந்து வந்தார். 1984இல்தான் முகமூடி திரும்பக் கிடைத்தது. போதாக்குறைக்கு, டிவித் தொடர் ஓடிய நாட்களில் நடுவில் சில காலம் அந்தப் பாத்திரத்தில் ஜான் ஹார்ட் என்ற இன்னொருவரும் நடித்திருக்கிறார். அப்படியிருக்க, ஹார்ட்லண்டின் வெள்ளைக் குதிரைமேல் இருப்பவர் மூரா, ஹார்ட்டா? கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டைக்குப் பின்னால் யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இதைப் போய் நடிகர் உருவம் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான்.

காலம் இரண்டையும் வேறுவேறு விதமாகத் தின்கிறது. ஹார்ட்லண்ட் உருவங்கள் செல்லுலோஸ் அசிடேட். 1950களில் திரைப்படச் சுருளுக்கும் அதே பொருள்தான் பயன்பட்டது. படச்சுருளுக்கு வரும் நோய் குதிரைக்கும் வரும்: வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் காடி வாடை கிளம்பும், உடல் சுருங்கும், கால் கோணும். பத்திரம் என்று நினைத்துக் காற்றுப்புகாத உறையில் போட்டு வைத்தால் சீக்கிரம் போய்விடும். மார்க்ஸ் உருவங்களின் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வாசம் இல்லாதது. ஆனால் வெயில் பட்ட பழைய உருப்படி துப்பாக்கி முனையில் பட்டென்று ஒடியும். அதில் பெயின்ட் ஒட்டாது என்பதால், அந்தக் காலப் பையன்கள் ஆசையாகப் பூசிய நீலச் சட்டைகள் செதில் செதிலாக உதிர்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை அச்சு. மார்க்ஸ் 1972இல் குவேக்கர் ஓட்ஸ் கைக்குப் போய், பிறகு பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றுக்கு மாறி, 1980இல் கதை முடிந்தது. அச்சுகள் கைமாறின, அவற்றிலிருந்தே மறுவார்ப்புகள் வந்தன. போலி என்று தள்ளவும் முடியாது, பழையது என்று விலை கொடுக்கவும் முடியாது. நிறம், பளபளப்பு, விரலால் அழுத்தினால் வளையும் விதம் இவற்றைப் பார்த்துத்தான் தீர்ப்பு.

இரண்டு கம்பெனிகளின் பேர்பெற்ற வரிசைகளிலும் ஜான் வெய்ன் இல்லை. கௌபாய் என்றால் உலகம் முதலில் சொல்லும் பெயர் அவருடையது. ஆனால் பொம்மைக் கம்பெனிகள் பெரும்பாலும் துரத்தியது வாராவாரம் டிவியில் வருகிறவரை. வெய்னோ தியேட்டர் ஆள். அவர் படங்களில் பக்கத்தில் நின்று துணை வேடம் செய்துவந்த வார்ட் பாண்ட், 1957இல் ‘வேகன் டிரெய்ன்’ தொடரின் சேத் ஆடம்ஸ் ஆனார். ஹார்ட்லண்ட் அவரைக் குதிரையில் ஏற்றியது, மார்க்ஸ் வண்டிக் கூட்டத்தின் தலைவனாகப் பெட்டியில் போட்டது. ‘தி சர்ச்சர்ஸ்’ படத்துக்காக வெய்னைத் தேடிப் பழைய பொம்மைகளிடம் வருகிற ரசிகர்களுக்கு, அந்தப் படத்திலிருந்து கிடைக்கும் முகம் பாண்டுடையது.