ஓதமும் சுண்ணாம்பும்

சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்தும் கொல்லிமலைச் சரிவிலிருந்தும் இறங்கிக் காவேரிக்கரை வரையில் பரந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியை வறண்ட பிரதேசமென்று சொல்வதே உலக வழக்கம். அது பொய்யுமன்று. மேற்குக் கடற்கரையில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டுகையில், சேலத்தில் 900 மில்லிமீட்டரை ஒட்டியும் நாமக்கல் பக்கத்தில் அதனினும் குறைவாகவுமே பெய்கிறது. ஆயினும் அம்மழையில் பெரும்பகுதி ஆவணி முதல் கார்த்திகை வரையிலான சில மாதங்களுக்குள்ளேயே வந்து தீர்ந்துவிடுகிறபடியால், சித்திரை வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடந்த சுவரானது, புரட்டாசி பிறந்ததும் கிடைத்த நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு, அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறுத்துப்போய், பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டிலும் பரணில் கிடக்கும் ஏட்டுச்சுவடியிலும் பூஞ்சை பூக்கும்படியான ஈரவாடையை வீடு முழுவதும் பரப்பிவிடும். ஆண்டு முழுதும் ஈரத்திலேயே வாழ்பவன் ஈரத்தைத் தடுக்கும் வீட்டைக் கட்டுவான். எட்டு மாதம் வெயிலிலும் நான்கு மாதம் ஈரத்திலும் வாழ்பவனோ ஈரத்தை வாங்கவும் திருப்பிவிடவும் தெரிந்த வீட்டைக் கட்டவேண்டியவனாகிறான். இவ்விரண்டாவது வகைக் கட்டடக் கலையே 1997 வரையில் ஒரே ஜில்லாவாயிருந்த இச்சீமையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது.

இச்சமவெளி முழுவதும் ஒரே தன்மையானதுமன்று. இராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்து மேட்டாங்காடுகளில் கிணறு வெகு ஆழத்தில் கிடக்க, அல்லாள இளைய நாயக்கர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ராஜவாய்க்கால் ஜேடர்பாளையத்து அணையிலிருந்து பிரிந்து பாயும் பரமத்தி வேலூர்ப் பக்கத்தில், நெல்லும் வாழையும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் ஊரைச் சுற்றி நிற்பதால், கையளவு தோண்டினாலே மண் குளிர்ந்திருக்கும். வாய்க்கால் கரையில் வீடு கட்டியவனுக்கு மழைக்காலம் ஒன்று மாத்திரமல்ல, வாய்க்காலில் தண்ணீர் விடும் காலமும் சுவரில் ஈரம் ஏறும் ஓதகாலந்தான். ஆகவே அந்த ஊர்களில் வாசற்படிகள் அதிகம். மேட்டாங்காட்டில் இரண்டு படி ஏறிப் புகும் வீட்டுக்கு, ஆற்றோரத்தில் நான்கைந்து படி ஏறவேண்டியிருக்கும்.

ஏழைக்கும் நடுத்தரக் குடியானவனுக்கும் அக்காலத்தில் மண்சுவரே கதி. கடக்கால் தோண்டிக் கருங்கல்லைச் சேற்றில் அடுக்கி, தரைமட்டத்துக்கு மேலேயும் ஒன்றிரண்டடி கல்லாகவே எழுப்பி, அதன்மேல் மிதித்துப் புளிக்கவைத்த செம்மண்ணை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பின்பே மற்றதை ஏற்றுவார்கள். கருங்கல்லுக்குத் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும் குணம் மிகக் குறைவாதலால், பூமியின் ஈரம் மண்சுவரைத் தொடுமுன்பே பெரும்பாலும் தடைப்பட்டுவிடும். பனையோலையோ கரும்புச் சோகையோ வேய்ந்த கூரை சுவருக்கு வெளியே நன்றாகத் தாழ்ந்து தொங்கி மழைச்சாரலைத் தள்ளி விழச்செய்யும். உள்ளே அடுப்புப் புகை கூரையின் இடுக்கு வழியாகக் கசிந்து போகையில் ஓலையையும் உத்தரத்தையும் உலர்த்திப் பூச்சியையும் பூஞ்சையையும் அடக்கிவைக்கும். தானியம் போட்டுவைக்கும் தொம்பையை, சாணமும் மண்ணும் பூசி, கல்லின்மேல் தூக்கி நிறுத்துவதும், வெள்ளிக்கிழமைதோறும் தரையைச் சாணி போட்டு வழித்துவிடுவதும் இதே ஏற்பாட்டின் அங்கங்களே. இப்படிச் சொல்வதால் மண்வீட்டைச் சொர்க்கமென்று வருணிப்பதாக எண்ணவேண்டாம். கறையானும் தேளும் அங்கே குடித்தனக்காரரோடு சமபாத்தியதை கொண்டாடின. கண்ணெரிச்சலும் இருமலும் அடுப்படிப் பெண்களின் ஜன்மப் பிராப்தியாயிருந்தன. ஊரின் தாழ்ந்த பள்ளத்தில் ஒதுக்கப்பட்டிருந்த சேரிக் குடிசைகளுக்குக் கல் அடித்தளமும் கிடையாது. ஆகையால் ஓதத்தின் முழு உபத்திரவமும் அங்கே குடியிருந்தவர்கள் பங்குக்கே விழுந்தது. 1924-ஆம் ஆண்டு ஆடியில் காவேரி கண்டிராத பெருவெள்ளமாய்ப் புரண்டபோது, கரையோர ஊர்களில் மண்சுவர்கள் கரைந்து விழுந்ததற்கும் இதுவே காரணம்: வருகிற ஈரத்தை வழியனுப்பத் தெரிந்த சுவருக்கு, தேங்கி நிற்கும் வெள்ளத்தைச் சமாளிக்கத் தெரியாது.

ஓதம் ஏறிய சுவரில் வெயில் பட்டதும் வெண்ணிறமாக ஒரு பொடி பூப்பதை யாவரும் அறிவர். பூமியிலுள்ள உப்புகள் நீரில் கரைந்து சுவருக்குள் ஏறி, நீர் ஆவியாகிப் போனபின் வெளிமுகத்தில் தங்கிவிடுவதே அது. நமக்குச் சனியனாகத் தோன்றும் இந்தப் பூப்பை நம்பியே ஒரு கூட்டத்தார் ஜீவனம் நடத்தினர் என்பது இப்போது மறந்துபோன சங்கதி. ஆடுமாடு கட்டிய இடங்களிலும் பழைய ஊர்மேடுகளிலும் இடிந்த மண்சுவர்களிலும் பூக்கும் உவர்மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டிக் காய்ச்சி, வெடியுப்பு எடுக்கும் தொழிலை உப்பிலியர் என்னும் வகுப்பார் கோயம்புத்தூர், சேலம், திருச்சினாப்பள்ளிச் சீமைகளில் செய்துவந்தனர். வெடிமருந்துக்குப் பிரதானச் சரக்கு அதுவே. திப்புவின் படைக்கும் கும்பினிப் படைக்கும் மருந்து வேண்டியிருந்த காலத்தில், ஒரு குடியானவன் வீட்டுத் தாய்ச்சுவரின் ஈரமும் யுத்தத்துக்கு ஏதோ ஒரு விதத்தில் உதவியாயிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. பிற்பாடு உப்பின்மேல் வரி விதித்த சர்க்கார், மண்ணுப்புக் காய்ச்சுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அடக்கிவிட்டபடியால் அத்தொழில் க்ஷீணித்து, அவ்வகுப்பாரில் பலர் மண்வெட்டும் வேலைக்கும் குளம் தூர்வாரும் வேலைக்கும் போய்ச் சேர்ந்தனர்.

இனிச் சுண்ணாம்பின் கதைக்கு வருவோம். இச்சீமையின் வீட்டுச் சரித்திரத்தில் அதுவே பெரும்பகுதி.

சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லும், ஓடைகளிலும் காடுகளிலும் முடிச்சு முடிச்சாகக் கிடைக்கும் சுக்கான்கல்லும் இப்பிரதேசத்துக்குப் பிரகிருதி கொடுத்த செல்வம். (சேலத்தை அடுத்து வெள்ளையாய்த் தெரியும் குன்றுகளைக் கண்ட வெள்ளைக்காரர்கள் அவற்றைச் ‘சாக் மலை’ என்று பெயரிட்டுப் போனார்கள். அங்கிருப்பது சாக்கட்டியுமன்று, சுண்ணாம்புமன்று. உருக்காலை உலைகளுக்குச் செங்கல் செய்ய உதவும் மாக்னசைட். பிழையான பெயர் பிழைத்துக்கொண்டது.) கல்லையும் விறகுக்கரியையும் மாற்றி மாற்றி அடுக்கிய காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் வெந்து வெளிவரும் கற்சுண்ணாம்பு, கையில் எடுத்தால் கனமின்றி இருக்கும். அதைக் குழியிலிட்டுத் தண்ணீர் விட்டதும், சிறிது நேரம் ஒன்றும் நேராதது போலிருந்து, பிறகு சீறிக் கொதித்துப் பிளந்து, ஆவி அடங்கியபின் வெண்ணெய் போலக் குழைந்து கிடக்கும். அவசரக்காரன் மறுநாளே அதை எடுத்துப் பூசுவான். தொழில் தெரிந்த கொத்தனோ வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், நீருக்குள்ளேயே ஊறவிடுவான். ஏனெனில் நீறாமல் தங்கிய ஒரு சிறு கல்லும், சுவரில் ஏறியபின் ஈரம் பட்டு நீறிப் பொரிந்து, காரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஊறிய சுண்ணாம்போடு மணல் சேர்த்து, வட்டமாக வெட்டிக் கல் பதித்த பள்ளத்திலிட்டு, மாடு பூட்டிய கல் சக்கரம் சுற்றிச் சுற்றி வர, விரலுக்கிடையில் நெருடாதபடி அரைப்பார்கள். கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் விளையும் கடுக்காயைத் தட்டி ஊறவைத்த நீரும், காவேரிக்கரைக் கரும்பாலைகளிலிருந்து வரும் வெல்லமும் அதில் சேரும். மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவைக் கலப்பதும் உண்டு. இன்று நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல்லில் அக்காலத்தில் கொத்தனுக்கு வேண்டிய முட்டையைச் சேர்க்க வீடு வீடாக அலையவேண்டியிருந்திருக்கும். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் இனிப்பும் காரை விரைந்து இறுகாமல் தாமதப்படுத்தி, குறைந்த நீரிலேயே அதைக் குழையச் செய்து, காய்ந்தபின் வெடிப்புக் குறைந்த கெட்டிப் பூச்சாக ஆக்குகின்றன. ஓதம் மிகுந்த அடிச்சுவருக்கும் கிணற்றடித் தொட்டிக்கும் மணலுக்குப் பதிலாகச் செங்கல் தூளைச் சேர்ப்பார்கள். ரோமாபுரியின் கட்டடச் சாஸ்திரி விட்ருவியஸ், ஈரமான அறைகளில் தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரத்துக்கு மணலை விட்டு இடித்த ஓட்டுத் தூளைப் பூச்சில் சேர்க்குமாறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். அவரை வாசித்தறியாத நம் கொத்தன் அதே உயரத்துக்கு அதே பண்டத்தைப் பூசினானென்றால், ஈரமும் செங்கல்லும் எங்கும் ஒரே இயல்புடையவை என்பதே அதற்குக் காரணமாயிருக்கவேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த காரை, பெருந்தனக்காரரின் தொட்டிக்கட்டு வீட்டுக்கும் சத்திரத்துக்கும் கோயிலுக்குமே கட்டுப்படியாயிற்று. மற்றவர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கொருமுறை அடிக்கும் வெள்ளை. அந்த வெள்ளையை அலங்காரமென்று மாத்திரம் எண்ணுவது தவறு. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் எந்தப் பூஞ்சையும் உயிர்வாழாது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி வாங்கி அது மறுபடியும் கல்லாக மாறிவிடுவதால், சில மாதங்களில் அந்தக் காரம் தீர்ந்துபோகிறது. ஆகையால் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டியது அவசியம். அதற்கு நம் முன்னோர் குறித்த காலத்தைக் கவனிக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்ந்து, சுவர் தன் நீரை வெளிவிடத் தொடங்கி, வெயிலும் இன்னும் கடுமையாகாதிருக்கும் அந்தச் சில நாட்களிலேயே வெள்ளையடித்து முடித்து, பூளைப்பூவும் ஆவாரையும் வேப்பிலையும் வைத்துக் காப்புக் கட்டித் தைப்பொங்கலை வரவேற்கிறார்கள். ஐப்பசியில் அடித்தால் மழை கழுவிவிடும். சித்திரையில் அடித்தால் சுண்ணாம்பு இறுகுமுன்பே காய்ந்து கையோடு பொடியாக வரும். பண்டிகைக்காகச் சுவரை வெளுத்தார்களா, சுவருக்காகப் பண்டிகை நாளில் அதைச் சேர்த்தார்களா என்று விவாதிப்பதில் பயனில்லை. இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

ஈரத்தை வேண்டி வரவேற்ற வீடுகளும் இச்சீமையில் இருந்தன. சேலம் நகரத்துக் குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைத் தெருக்களில் செங்குந்தரும் தேவாங்கரும் சௌராஷ்டிரரும் நெசவுசெய்த வீடுகளில், தறி தரையின்மேல் நிற்காது. தரைக்குள் குழி தோண்டி, மிதிகட்டைகளை அதற்குள் வைத்து, நெசவாளி தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டு நெய்வான். பருத்திநூல் சற்று ஈரமாயிருந்தால் வலுக்கும். உலர்ந்தால் முறுகி அறும். சித்திரை மாதத்துச் சேலத்து வெயிலில், பாவு நூல் அறாமல் நெய்வதற்குத் துணையாயிருந்தது அந்தக் குழியிலிருந்து கிளம்பும் மண்ணின் குளிர்ச்சியே. ஆகவே நெசவாளி வீட்டில் ஜன்னல் சிறிது, தரை மண், சுவரின் அடியில் எப்போதும் ஒரு கறை. அதே குழி ஐப்பசி பிறந்ததும் சத்துருவாகிவிடும். அடைமழையில் இரண்டு நாள் கழிந்தால் குழியின் மூலையில் நீர் ஊறும். செம்பால் மொண்டு வெளியே ஊற்ற ஊற்ற ஊறும். மிதிகட்டையின் கயிறு உப்பிவிடும். தெருவில் பாவாற்றிக் கஞ்சி தோய்த்துக் காயவைக்க வெயில் கிடையாது. கஞ்சி ஏறிய பாவு மடிப்பிலேயே பூஞ்சை பிடித்துக் கறைபட்டால் முதலாளி கூலியைப் பிடித்துக்கொள்வார். வேலையில்லாத அந்த வாரங்களில் வாங்கிய கடன் அடுத்த சித்திரை வரை தொடரும்.

ஈரத்தோடு இந்த இரட்டைச் சம்பந்தம் நம் நெசவாளிக்கு மட்டும் உரியதன்று. லங்காஷைர் ஆலைகளில் நூல் அறாதிருக்க நீராவியைத் தறிக்கூடத்துக்குள் பாய்ச்சினார்கள். தொழிலாளர் நெஞ்சு கெடுவதைக் கண்டு 1889-இல் அதற்கு வரம்புகட்டிச் சட்டம் செய்யவேண்டியதாயிற்று. கஞ்சி மிகுதியாக ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிய அவர்களுடைய துணி கப்பலிலேயே பூஞ்சை பிடித்து வழக்குகளுக்கு இடமானதும், அதைத் தடுக்கத் துத்தநாகக் குளோரைடைக் கஞ்சியில் சேர்த்ததும் அத்தொழிலின் சரித்திரத்தில் பதிவானவை.

இதற்கிடையில் வீடும் மாறத் தொடங்கிற்று. மங்களூரில் பாசல் மிஷனார் 1865-இல் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் விளைவாகச் சீமை ஓடு இங்கும் வந்து சேர்ந்து, ஓலைக்கூரையையும் நாட்டு ஓட்டையும் மெல்ல மெல்ல அகற்றிற்று. கூரை ஒழுகுவது குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலத்துக்குப் பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து குழாய்நீர் வந்தபின், வீட்டுக்குள் நீர்ப்புழக்கம் பெருகி, சாக்கடை வசதி அதற்கேற்ப வளராதிருந்தமையால், பின்கட்டுச் சுவர்கள் முன்னறியாத ஓதத்தைக் கண்டன.

பெரிய மாறுதல் சிமெண்டோடு வந்தது. 1904-இல் சென்னையில் சிப்பிகளைக் கொண்டு முதன்முதலாகச் செய்து பார்த்த அப்பண்டம், 1934-இல் மதுக்கரையிலும் 1963-இல் சங்ககிரியிலும் ஆலைகள் எழுந்தபின் கைக்கெட்டும் சரக்காயிற்று. சங்ககிரிக் கல் ஒரு காலத்தில் காளவாயில் வெந்து மூச்சு விடும் காரையாயிற்று. இப்போது அதே கல் உருளையுலையில் வெந்து மூச்சை அடைக்கும் பூச்சாயிற்று. புதுச் சிமெண்டு வீட்டைக் குறைசொல்வதற்கில்லை. அதற்கு அடித்தளத்திலேயே ஓதத்தடை போடும் முறையும் உண்டு. பழைய வீட்டில் சிமெண்டைப் பூசியதே பிழை. அடிச்சுவர் உதிர்கிறதென்று இடுப்பளவுக்குச் சிமெண்டைப் பூசினால், முன்பு முழங்காலளவில் வெளியேறிக்கொண்டிருந்த நீர், வழியின்றிப் பூச்சுக்குப் பின்னாலேயே ஏறி, இடுப்புக்கு மேலுள்ள காரையில் தலைகாட்டும். உடனே தலையுயரத்துக்குப் பூசுவார்கள். ஓதமும் அதற்கு மேலே போகும். எண்ணெய்ப் பெயிண்ட் அடித்த சுவரிலோ, பூச்சு கொப்புளித்து, அதற்குள் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை படரும். நாமக்கல் கோட்டையடித் தெருக்களிலும் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் இந்த மூன்று தலைமுறைப் பூச்சையும் ஒரே சுவரில் காணலாம்.

இதற்குப் பரிகாரம் தெரியாததன்று. சிமெண்டைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, உப்பைத் துடைப்பத்தால் தேய்த்து உதறி, ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமனே காயவிட்டு, பிறகே கடுக்காய்ச் சுண்ணாம்புக் காரையை மெல்லிய அடுக்குகளாகப் பூசவேண்டும். பழங்கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பையே பயன்படுத்தவேண்டுமென்று இக்காலத்தில் வற்புறுத்தப்படுவதால், அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மாசியில் கூப்பிட்டால் வருவார்கள், புரட்டாசியில் கூப்பிட்டால் தை கழியட்டுமென்பார்கள். ஆனால் கொத்திய சுவரை மூன்று மாதம் திறந்து போட்டிருக்க எந்த வீட்டாருக்கும் மனம் வருவதில்லை. வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகிவிடுகிறது, சுவர் பாதி காயுமுன்பே பெயிண்ட் டப்பா திண்ணையில் வந்து இறங்கிவிடுகிறது.