மொறுமொறுப்பான கிழங்குப் பொரியல்: ஊவாக் கிழங்கை வீட்டில் பொரிக்கும் முறை

உருளைக்கிழங்கு விளைகிற மண்ணிலேயே இருந்துகொண்டு, அதை ஒழுங்காகப் பொரிக்க வரவில்லையே என்று பதுளைப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். கடையில் வாங்கினால் மொறுமொறுவென்று இருக்கிறது. வீட்டில் பொரித்தால் ஐந்து நிமிடத்தில் துவண்டு விடுகிறது, இல்லாவிட்டால் வெளியே கறுத்து உள்ளே வேகாமல் கிடக்கிறது. பிள்ளைகள் கடைப் பக்கெட்டையே கேட்கிறார்கள். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கே பல வருடம் போராட வேண்டியிருந்த குடும்பங்களில், ஒரு போத்தல் எண்ணெயைப் பாழாக்கிப் பழகிப் பார்க்க யாருக்கும் மனம் வராது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். பிழை பெரும்பாலும் சமைக்கிறவரின் கையில் இல்லை. கிழங்கிலும் எண்ணெயின் சூட்டிலுமே இருக்கிறது.

முதலில் கிழங்கைப் பார்ப்போம். இலங்கையில் உருளைக்கிழங்கு விளையும் இடங்கள் அதிகமில்லை. நுவரெலியா மாவட்டம், பதுளை மாவட்டத்தில் வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பகுதிகள், மாரியில் யாழ்ப்பாணத்துச் செம்மண் தறைகள், இவைதாம் முக்கியமானவை. வெலிமடைப் பக்கத்தில் மேட்டு நிலத்தில் மட்டுமல்ல, நெல் அறுத்த வயலிலும் கிழங்கு நடுகிறார்கள். விளைந்தது கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையம் வழியாக நாடெங்கும் போகிறது. யாழ்ப்பாணத்தாருக்கு இந்தப் பயிர் வேறொரு காலத்தையும் நினைவூட்டும். 1970 க்கும் 1977 க்கும் இடையில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வெங்காயமும் மிளகாயும் கிழங்கும் வடக்கு விவசாயியைத் தலைநிமிர வைத்தன. பின்னர் போரும் பொருளாதாரத் தடையும் வந்தன. யூரியா தடைப்பட்டியலில் இருந்தது. உரமும் விதைக்கிழங்கும் இல்லாத தோட்டத்தில் கிழங்குக்கு இடமேது? 1977 இலும் 1983 இலும் மலையகத்தில் அடிபட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களுக்கோ, கிழங்கு என்பது விட்டுவந்த ஊரின் குளிரோடு சேர்ந்த நினைவு.

நம் நாட்டில் அதிகம் பயிராகும் இனம் கிரனோலா. கறிக்கு அருமையான கிழங்கு, குழம்பில் உடையாது. ஆனால் பொரியலுக்கு வேண்டியது மாச்சத்துக் கூடி, நீர் குறைந்த கிழங்கு. கிரனோலா இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இனம் என்பதால், ஒரே சாக்கில் இருக்கும் கிழங்கில்கூட ஒன்று நன்றாகப் பொரியும், இன்னொன்று துவளும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கிளாசில் பதினொரு மேசைக்கரண்டி தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, கிழங்கில் ஒரு துண்டை வெட்டிப் போடுங்கள். அடியில் போய் இருந்தால் மாச்சத்துக் கூடியது, பொரிக்கலாம். மிதந்தால் கறிக்கு வையுங்கள். முற்றாத இளங்கிழங்கு, விரலால் தேய்த்தாலே தோல் கழன்று வருவது, பொரியலுக்கு ஆகாது.

கறுப்பாகப் பொரிவதற்குக் காரணம் வேறு. ஏறத்தாழ 8 பாகை செல்சியஸுக்குக் கீழே கிழங்கை வைத்திருந்தால் அதன் மாச்சத்தில் ஒரு பகுதி சீனியாக மாறிவிடும். அந்தச் சீனிதான் சூடான எண்ணெயில் உள்ளே வேகுமுன்பே வெளியே கருகுகிறது. இந்தியாவிலும் பிற இடங்களிலும் மாதக்கணக்கில் குளிர்க் களஞ்சியத்தில் இருந்து வரும் கிழங்கு சிலவேளை இனிப்பதும் இதனால்தான். இறக்குமதிக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி உள்ளூர்க் கிழங்கு என்று விற்பதாகச் செய்திகள் வந்தபடியே இருக்கின்றன. மண்ணைப் பார்த்து ஏமாறாமல் ஒரு துண்டைப் பொரித்துப் பார்த்து வாங்குவது நல்லது என்று சொல்லலாம், ஆனால் எந்தக் கடைக்காரர் அதற்கு விடுவார்! வீட்டுக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். ஏற்கனவே வைத்துவிட்டால் வெளியே எடுத்து, வெளிச்சம் படாத இடத்தில் இரண்டு வாரம்போல விட்டால் சீனி ஓரளவு குறையும்.

வெளிச்சம் படாத இடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெளிச்சத்தில் கிடந்து பச்சை பிடித்த கிழங்கில் சொலனின் என்ற நஞ்சு கூடியிருக்கும். பொரித்தாலும் அது போகாது. சிறிதளவு பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறியுங்கள். பச்சை பரவியிருந்தாலோ கைத்தாலோ முழுக் கிழங்கையும் எறியுங்கள். விதைக்கென்று மருந்திட்ட கிழங்கில் மிஞ்சியதைச் சமைப்பது மிகவும் ஆபத்து.

இனி வேலைக்கு வருவோம். அரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி, ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் விரல் விரலாக வெட்டுங்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். வெட்ட வெட்டத் தண்ணீரில் போட்டு, தண்ணீர் கலங்காமல் வரும்வரை இரண்டு மூன்று தடவை அலசி, பின் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வெளியே ஒட்டியுள்ள மாவும் சீனியும் கழுவுப்படும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

அடுத்து அவித்தல். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரியும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் சேர்த்துக் கொதிக்க வைத்து அதில் துண்டுகளைப் போடுங்கள். வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளி விடலாம். புளிப்பு இருந்தால் கிழங்கு வெந்தாலும் உடைந்து மசியாது. எவ்வளவு நேரம் என்பதில் ஒரு கவனம் வேண்டும். மலையில் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம். ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளையில் அது 95 பாகை அளவில்தான் கொதிக்கிறது. அதனால் யாழ்ப்பாணத்தில் ஆறு ஏழு நிமிடத்தில் வேகிற துண்டு ஹப்புத்தளையில் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். கடிகாரத்தை நம்பாமல் ஈர்க்கால் குத்திப் பாருங்கள். ஈர்க்கு இலகுவாக இறங்க வேண்டும், துண்டு உடையக் கூடாது. உடனே வடித்து, துணியில் பரப்பி, ஆவி அடங்கி மேற்புறம் காய்ந்து வெளுக்கும்வரை விடுங்கள். மழைக்காலத்தில் இதற்கு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும், கிழங்கும் துவளும்.

பொரிப்பது இரண்டு தடவை. இதைத்தான் வீடுகளில் விட்டுவிடுகிறோம். முதல் தடவை 150 தொடக்கம் 160 பாகைச் சூட்டில் நாலைந்து நிமிடம். நிறம் மாறுமுன்பே எடுத்துவிட வேண்டும். இதில் உட்பக்கம் வெந்து, மேலே மெல்லிய ஆடை பிடிக்கும். எடுத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். இரண்டாம் தடவை 180 பாகை அளவில் இரண்டு மூன்று நிமிடம். அந்த ஆடையில் மிஞ்சிய நீர் இப்போது வெளியேறி, மொறுமொறுப்பு வரும். வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு துண்டை விட்டுப் பாருங்கள். அது அடியில் போய், சிறு குமிழிகளோடு மெதுவாக மேலே வந்தால் முதற் சூடு. போட்டவுடன் சடசடவென்று குமிழியிட்டு மேலே மிதந்தால் இரண்டாம் சூடு. புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது, தாச்சியை இறக்குங்கள்.

விறகடுப்பில் சூட்டை நிலையாக வைப்பது கஷ்டம். கவ்வாத்து வெட்டிய மிலாறு சடுதியில் பற்றி எரிந்து அடங்கிவிடும். தண்ணீர் கொதிக்க வைக்க அது நல்லது, பொரிக்கும்போது தடித்த விறகைத் தணலாக்கி வைத்துக்கொள்ளுங்கள். தடித்த இரும்புத் தாச்சி சூட்டைப் பிடித்து வைக்கும். அரை லீற்றர் எண்ணெய்க்கு ஒரு தடவையில் ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். அதிகம் போட்டால் எண்ணெய் குளிர்ந்து கிழங்கு அதைக் குடித்துவிடும். லயத்துச் சமையலறை ஒடுங்கியது. பிள்ளைகள் ஓடித்திரியும் நேரத்தில் எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம். எண்ணெயில் தீப்பிடித்தால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியால் மூடி, அடுப்பின் நெருப்பை இழுத்துவிடுங்கள்.

பொன்னிறத்தோடு நிறுத்துவது ருசிக்காக மட்டுமல்ல. மாச்சத்துள்ள உணவை அதிக சூட்டில் பொரிக்கும்போது அக்ரிலமைட் என்ற இரசாயனம் உண்டாவதை 2002 இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2018 தொடக்கம் உணவு தயாரிப்போருக்கு இதில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. கருகக் கருக அதன் அளவு கூடும். தண்ணீரில் ஊறவைப்பதும் குளிரில் வைக்காததும் அதைக் குறைக்க உதவும்.

உப்பை எண்ணெயிலிருந்து எடுத்த பிறகே தூவுங்கள், சூடு இருக்கும்போதே. தேங்காயெண்ணெய் 24, 25 பாகையில் உறைந்துவிடும் என்பதால் பண்டாரவளை, ஹப்புத்தளைக் குளிரில் ஆறிய பொரியல் நாக்கில் மெழுகுபோல ஒட்டும். பொரித்த கையோடு சாப்பிட வேண்டும். மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டுத் துணியில் வடித்து, மூடி இருட்டில் வைத்தால் இன்னும் இரண்டு தடவை பாவிக்கலாம். நுரைத்தாலோ, கறுத்துப் பிசுபிசுத்தாலோ கொட்டிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்போர் இனத்தைப் பார்த்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது. பிரித்தானியாவில் மாரிஸ் பைப்பர், கனடாவில் ரசெட், ஜேர்மனியிலும் சுவிஸிலும் அக்ரியா, பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பிஞ்ச்யே. சார்லட் போன்ற மெழுகுத் தன்மையுள்ளவை கறிக்குத்தான்.

முதல் பொரியலை முடித்து ஆறிய துண்டுகளைக் காலையில் எடுத்து, கொஞ்ச எண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த செத்தல் மிளகாய், மாசித் தூள் போட்டுத் தெம்பரித்தால் ரொட்டிக்கு நல்ல துணை. மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போக இது தோதானது, ஆறினாலும் ருசி கெடாது. மாசி விலை கூடிய நாளில் கொஞ்சம் மிளகுத் தூள் போதும்.