ஏறாத முள்ளும் இறங்கும் முள்ளும்

ஏர் ரைஃபிளுக்குக் காற்று நிரப்பும் உயர் அழுத்தக் கம்ப்ரஸரைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். கேஜில் முள் ஏற மறுக்கிறது, இல்லாவிட்டால் ஏறிய முள் இறங்கிவிடுகிறது. இரண்டையும் 'பிரஷர் வரல' என்று ஒன்றாகச் சொல்லி, உடனே ஸ்பேனரை எடுத்து ஹெட்டைக் கழற்றுவதால் நல்ல இயந்திரங்கள் பாழாகின்றன. முதல் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் கம்ப்ரஸருக்குள் இருக்கும். இரண்டாவதற்கு அதை ஹோஸிலோ இணைப்பிலோ துப்பாக்கியிலோ தேட வேண்டும்.

10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகளின் சிலிண்டரைப் பொதுவாக 200 பார் வரை நிரப்புவார்கள். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். இவ்வளவு அழுத்தத்தை ஒரே மூச்சில் எட்ட முடியாது என்பதால், பெரிய பிஸ்டன் முதலில் பாதி வேலையை முடித்துக் காற்றை ஒல்லியான இரண்டாம் பிஸ்டனுக்கு அனுப்புகிறது. ஏறாத முள்ளின் கதை பெரும்பாலும் இந்த ஒல்லிப் பிஸ்டனில்தான் நடக்கிறது. அது அழுத்தும் இடம் மிகச் சிறியது. அங்கே ரிங் கொஞ்சம் தேய்ந்தாலும், வால்வின் இருக்கையில் ஒரு துகள் ஒட்டிக்கொண்டாலும் முன்னே போக வேண்டிய காற்று பின்னே நழுவும்.

ஆகவே முள் எங்கே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில பாரிலேயே நின்றுவிட்டால் இரண்டாம் கட்டம் வேலையே செய்யவில்லை என்று கொள்ளலாம். 120 பார் வரை வந்து அங்கேயே நின்றால், தள்ளும் காற்றும் நழுவும் காற்றும் அந்த அளவில் சமமாகிவிட்டன. கோளாறு வந்த விதமும் துப்புக் கொடுக்கும். நாளுக்கு நாள் நேரம் கூடிக்கொண்டே வந்திருந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். நேற்று நன்றாக ஓடியது இன்று திடீரென்று படுத்தால் முதலில் வால்வைத்தான் பார்ப்பேன். ஹோஸின் காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்க்ரூ சரியாக மூடியிருக்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பார்த்துவிட வேண்டும்.

இறங்கும் முள்ளுக்குப் பொறுமை வேண்டும். முள் இறங்கினாலே கசிவு என்று முடிவுகட்டக் கூடாது. நிரப்பும்போது காற்று சூடாகிறது; ஆறும்போது அழுத்தம் குறைகிறது. 60 டிகிரி சூட்டில் 200 பார் காட்டிய சிலிண்டர், 30 டிகிரிக்கு வந்ததும் ஒரு துளிக் காற்றும் போகாமலே சுமார் 182 பார்தான் காட்டும். ஆறிய பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் சோப்பு நுரையைத் தடவிக் கசிவைத் தேட வேண்டும். ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்தபின் ஹோஸில் இருக்கும் காற்று போய் ஓசை அடங்கிவிட வேண்டும். சீறல் நிற்காமல் தொடர்ந்தால் துப்பாக்கியின் ஒருவழி வால்வுதான் காற்றை விடுகிறது. கம்ப்ரஸரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

எந்தப் பக்கத்துக் கோளாறு என்று தெரியாதபோது ஹோஸின் முனையைத் தகுந்த ப்ளக்கால் அடைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். நிரப்ப வேண்டிய இடம் ஹோஸ் மட்டுமே என்பதால் முள் சில நொடிகளில் பாய்ந்து ஏறும். சுவிட்சிலிருந்து கையை எடுக்கவே கூடாது. 200 பாருக்கு ஏறி, நிறுத்திய பிறகும் அங்கேயே நின்றால் கம்ப்ரஸர், ஹோஸ் இரண்டும் நலம். ஏறவில்லை என்றால் கம்ப்ரஸருக்குள் தேட வேண்டும்.

புதிதாக வாங்கியவர்களைக் குழப்பும் ஒன்றும் உண்டு. துப்பாக்கியில் 100 பார் மிச்சம் இருந்தால் முள் அதுவரை வேகமாக ஓடும். துப்பாக்கியின் வால்வு திறந்ததும் மெல்ல நகரத் தொடங்கும். இது இயல்பான நடைதான்.

வைத்தியமும் ஒன்றல்ல. கோளாறு கம்ப்ரஸருக்கு உள்ளே என்றால் ரிங்கை மாற்றுவது, வால்வு இருக்கையைத் துடைப்பது. வெளியே என்றால் அநேகமாக ஒரு ஓ-ரிங், கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ். பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ காற்றுப்பாதையில் படவே கூடாது. இந்த அழுத்தத்தின் சூட்டில் அது தீப்பிடித்து வெடிக்கக்கூடும். அழுத்தம் இருக்கும்போது எந்த இணைப்பையும் முறுக்கக் கூடாது.

ஈரம் இரு பக்கத்தையும் கெடுக்கும். ஒரு லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப ஏறக்குறைய 200 லிட்டர் காற்று உள்ளே போகிறது. கடலோரப் புழுக்கத்தில் அதில் நான்கைந்து கிராம் தண்ணீர் இருக்கும். நீர்பிரிப்பானை அவ்வப்போது வடிக்காவிட்டால் அது கம்ப்ரஸரின் வால்வில் துருவாகும், துப்பாக்கியின் உட்பகுதியிலும் போய்ச் சேரும்.

'டப்' என்ற சத்தத்தோடு முள் ஒரேயடியாகச் சுழிக்கு விழுந்தால், பார்ப்பதற்கு அது இறங்கும் முள் போலத்தான் தோன்றும். உண்மையில் அழுத்தம் அளவு மீறியதால் பாதுகாப்புத் தகடு கிழிந்திருக்கலாம். அந்த இடத்தில் நாணயத்தையோ தடித்த தகட்டையோ வைத்து அடைப்பது உயிரோடு விளையாடுவது. இயந்திரம் தானாக நிற்க வேண்டிய அளவில் நிற்கிறதா, கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துவிட்டு, தயாரிப்பாளர் குறித்த அதே அளவுத் தகட்டைத்தான் போட வேண்டும்.